மேட் வார்னிஷ் வெளுத்துப்போன ஜீப்: கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: டாமியா கம்பெனியின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல் வில்லிஸ் ஜீப்பை முதல் தடவையாகக் கட்டினேன். ஆலிவ் பச்சை நன்றாகத்தான் வந்தது. நவம்பரில் ஒரு காலை வராந்தாவில் வைத்து மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். மாலைக்குள் வண்டி முழுக்க மாவு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. அதை மறைக்கலாம் என்று கறுப்பு ஆயில் கலரைப் பெயின்ட் கடைத் தின்னரில் கரைத்துத் தடவினேன். ஒரு மட்கார்டில் பச்சையே கழன்று வந்துவிட்டது. வண்டியைக் காப்பாற்ற முடியுமா? இரண்டாம் உலகப்போரில், 1944-இல் பிரான்ஸின் நார்மண்டியில் ஓடிய வண்டியாகச் செய்கிறேன், பானட்டில் நட்சத்திரமும் ஒட்டிவிட்டேன். சக்கரத்தில் எங்கள் ஊர்ச் செம்மண்ணைப் பூசலாமா?

பதில்: காப்பாற்றலாம். உங்கள் கையில் தப்பில்லை, நாள்தான் தப்பு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலையில் வராந்தாவில் ஸ்பிரே அடிப்பது மேகத்துக்குள் நின்று அடிப்பதற்குச் சமம். நானே ஒரு நவம்பரில் ஜன்னலைத் திறந்துவைத்து டி-55 டாங்கிக்கு அடித்தேன். பீரங்கிக் கோபுரம் மட்டும் இட்லித் தட்டிலிருந்து எடுத்ததுபோல் வெளுத்து நின்றது.

காரணம் எளிது. ஊசி போடுமுன் ஸ்பிரிட் பஞ்சைத் தடவினால் கை சில்லென்று ஆகிறதே, அதேதான். ஸ்பிரே கேனில் பெரும்பாலும் இருப்பது லாக்கர் (lacquer) என்னும் சீக்கிரம் காயும் பூச்சு. அதன் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்ந்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் பனித்து, காயும் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்த வெள்ளை அதுதான். மூலைகளிலும் இடுக்குகளிலும் மட்டும் வெள்ளை தேங்கியிருந்தால் காரணம் வேறு: கேனைச் சரியாகக் குலுக்கவில்லை, அல்லது ஒரே இடத்தில் அதிகம் அடித்துவிட்டீர்கள். உங்களுடையது வண்டி முழுக்க என்பதால் ஈரம்தான்.

சரிசெய்ய அவசரப்படாதீர்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளில், பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், அதே வகை லாக்கரில் பளபளப்பு கிளியரை (நிறமில்லாத வார்னிஷை) மிக மெல்லிசாக ஒரு கோட் அடியுங்கள். அதன் கரைப்பான் பழைய படலத்தை இளக்கிவிடும். பெரும்பாலும் பச்சை திரும்ப எட்டிப்பார்க்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு இன்னொரு மெல்லிய கோட் கொடுக்கலாம். மேட் இப்போது வேண்டாம், அது கடைசியில். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் தூவல் சீராக வரும். வெந்நீர் கூடாது, அடுப்பு கூடவே கூடாது. நம் ஊரில் குளிருக்குக் கணப்புச் சட்டி மூட்டுவோம்; அது எரிகிற அறையிலும் அடிக்காதீர்கள், லாக்கர் ஆவி தீப்பிடிக்கும். காய்வதற்கு நான் ஒரு அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, பழைய 40 வாட் குண்டு பல்பு மாட்டி வைத்திருக்கிறேன். ஸ்பிரே நெடி போன பிறகுதான் வண்டியை உள்ளே வைப்பேன், பல்பிலிருந்து இரண்டு சாண் தள்ளி. கிட்டே வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

அப்புறம் அந்தத் தின்னர். பெயின்ட் கடையில் 'தின்னர்' என்று மட்டும் கேட்டால் பல இடங்களில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத்தான் எடுத்துத் தருவார்கள். அது பெயின்டை மட்டுமல்ல, பிளாஸ்டிக்கையும் தின்னும். நீங்கள் செய்ததுபோல் கலரை நீர்க்கக் கரைத்துத் தடவுவதை வாஷ் என்போம்; அதற்கு வேண்டியது மினரல் டர்பன்டைன், அல்லது ஓவியர்கள் வாங்கும் வாசனையற்ற ஒயிட் ஸ்பிரிட். பச்சை கழன்ற மட்கார்டை நைசான வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமப்படுத்தி அதற்கு மட்டும் பச்சை அடியுங்கள். இரண்டு நாள் கழித்துப் பளபளப்பு கிளியர். அதன்மேல்தான் வாஷ். கறுப்பை விடுங்கள், பச்சைக்குக் கரும்பழுப்புதான் பொருந்தும். வண்டி முழுக்க மெழுகாமல் இடுக்கிலும் ஆணித்தலையைச் சுற்றியும் மெல்லிய தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் அதுவாக ஓடிக்கொள்ளும். வாஷ் நன்றாகக் காய்ந்த பிறகு மேட்.

பெயின்ட் உதிர்ந்த இடங்களைக் காட்ட எல்லோருக்கும் கை பரபரக்கும். ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: 1/35-இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர். பென்சில் முனை அளவு புள்ளிகூட ஒரு பெரிய காயம். ஜீப்புக்குக் கதவில்லை, ஏறி இறங்கும் விளிம்பில் பூட்ஸ் உரசும், அங்கே தேயட்டும். பானட் நடுவில் உதிர்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

மண்ணுக்கும் அதே கணக்குதான். தோட்டத்து மண்ணில் ஒரு மில்லிமீட்டர் பருக்கை இருந்தால், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் அளவு கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டீ வடிகட்டி போதாது; நாட்டு வைத்தியர்கள் சூரணத்துக்குச் செய்வதுபோல் வஸ்திரகாயம் செய்ய வேண்டும், அதாவது துணியில் சலிக்க வேண்டும்; பழைய வேட்டித் துணி போதும். அதற்கு முன் மண்ணை வெறும் சட்டியில் வறுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மழைக்கு ஜீப்பில் பூஞ்சை பூக்கும்.

ஆனால் நார்மண்டி வண்டியில் கோத்தகிரிச் செம்மண் ஒட்டாது. அதற்குச் சாம்பல் கலந்த பழுப்பு வேண்டும்; பேஸ்டல் சாக்கைப் பொடித்துக் கலந்துகொள்ளலாம். செம்மண்தான் வேண்டும் என்றால் எனக்கு ஓர் ஆசை உண்டு, சொல்கிறேன். நட்சத்திரத்தின்மேல் அரைகுறையாகப் பச்சை அடித்து, போருக்குப் பின் டிஸ்போசலில் (ராணுவம் கழித்து விற்றதில்) வந்து தேயிலை எஸ்டேட்டில் ஓடிய வண்டியாக்கிவிடுங்கள். ஒன்பது துளை கிரில்லை மாற்ற வேண்டாம். ராணுவ ஜீப் என்பதற்கு அதுவே சாட்சி. சிவிலியன் மாடலில் ஏழுதான்.

எந்த மண்ணானாலும் மேட்டுக்குப் பிறகு பூசுங்கள். உலர்ந்த பொடியைத் தூவி, ஒரு சொட்டு மினரல் டர்பன்டைனைப் பக்கத்தில் தொட்டுவைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளிறும். அதுவரை இன்னும் கொஞ்சம் என்று கை நீட்டாதீர்கள். சக்கரத்தின் பின்னால், மட்கார்டின் அடியில், சேஸிஸின் கீழே, அவ்வளவு போதும். அதன்மேல் மறுபடி வார்னிஷ் அடித்தால் தூசி காணாமல் போய்விடும். மண் வறுத்த சட்டியைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் பேச்சாக இருக்கிறது.