மகள் சுற்றுச்சூழல் படிக்க விரும்புகிறாள்: திருப்பூர்த் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பிளஸ் டூவில் உயிரியல்-கணிதப் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், பள்ளியின் தேசிய பசுமைப் படையில் ஈடுபட்டதிலிருந்து பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்தான் படிப்பேன் என்று உறுதியாக இருப்பதாகவும், அதைப் படித்தால் வேலை கிடைக்காது என்று உறவினர்கள் சொல்வது உங்களைக் கலங்க வைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் தேர்ந்தெடுத்திருக்கும் துறையில் வேலை இருக்கிறது. அதில் கவலை வேண்டாம். எந்தப் பட்டத்தின் வழியாக அங்கே போவது என்பதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை ஒட்டிப் பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமாயிற்று. எந்தப் பட்டம் படித்தாலும் அந்தத் தாளை எழுத வேண்டியிருப்பது அதனால்தான். 2001-02-இல் தொடங்கப்பட்ட தேசிய பசுமைப் படையும் மாணவர்களிடம் அக்கறையை வளர்க்கும் திட்டமே தவிர, தொழிற்பயிற்சி அன்று. அந்த அக்கறை உங்கள் மகளிடம் வேரூன்றிவிட்டது. இனி அவருக்கு வேண்டியது, மாசை அளக்கவும் குறைக்கவும் தெரிந்த கைத்திறன்.

இதை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், சாயக்கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் மறுபடியும் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்காக இயங்கினால்தான் பட்டறைகள் நடக்கும் என்ற நிலை வந்ததும் உங்களுக்குத் தெரிந்தவையே. நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளையும் ஆவியாக்கிகளையும் இயக்கி, உப்பை மீட்டு, அன்றாடம் நீரைப் பரிசோதிக்கும் அந்த வேலைக்கு வேதியியலும் வேதிப் பொறியியலும் தெரிந்தவர்கள் தேவை. கழிவுநீர் மாதிரியைக் குமிழி தங்காமல் புட்டியில் நிரப்பி, 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, கரைந்திருந்த ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். அதிலிருந்து கணக்கிடும் பி.ஓ.டி. அளவு (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), ஆற்றில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. இப்படிச் சட்டம் அளக்கச் சொல்லும் இடங்களில்தான் நிலையான வேலைகள் இருக்கின்றன.

ஆகவே, இளநிலையில் வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற அடிப்படை அறிவியல் ஒன்றையோ, சிவில் அல்லது வேதிப் பொறியியலையோ படித்துவிட்டு, முதுநிலையில் சுற்றுச்சூழலுக்குச் செல்வதே என் பரிந்துரை. இதற்கு அழுத்தமான காரணம் ஒன்று உண்டு. இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவையும், வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டங்களும் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அறிவியல் தனிப்பாடமாக அதில் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு இதை அறிந்து வருந்தும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இளநிலையிலேயே இத்துறைக்குள் இருக்க வேண்டும் என்று உங்கள் மகள் விரும்பினால், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டமும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் எரிசக்தி மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பும் உங்களுக்கு அருகிலேயே உள்ளன.

முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான 'கேட்' (GATE) தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் இருக்கிறது. கல்லூரி ஆசிரியராக விரும்பினால், அதற்கான தகுதித் தேர்வான 'நெட்'டிலும் (NET) இப்பாடம் உண்டு. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய நிலைத்தன்மை அறிக்கை அளிக்க வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருப்பதால், தனியார் துறையிலும் வாய்ப்பு விரிந்திருக்கிறது. அங்கும் மின்சாரம், நீர், கழிவு ஆகியவற்றின் கணக்கைப் பிழையின்றித் தொகுக்கத் தெரிந்தவருக்கே மதிப்பு.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, வாசலில் உள்ள 'பசுமை வளாகம்' பலகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது, அதன் மாதிரியை மாணவர்களே எடுத்துப் பரிசோதிக்கிறார்களா, வளாகத்தின் மின் செலவையும் குப்பையையும் அவர்கள் கணக்கெடுத்த அறிக்கை இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்வதற்கும் தயங்க வேண்டாம். இந்தக் கேள்விகளை உங்கள் மகளே கேட்கட்டும். முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே, உங்கள் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அனுமதி பெற்று ஒருமுறை அவருக்குக் காட்டிவிடுங்கள்.