192.168 வரம்புக்குள் 10.0.0.50 எப்படி நுழைந்தது?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கல்வி நிலையத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். 192.168.1.10 முதல் 192.168.1.200 வரையுள்ள கணினிகளை மட்டும் அனுமதிக்கும் சிறிய சேர்வர் ஒன்றை சி மொழியில் எழுதினேன். அறைக்குள் சோதித்தபோது சரியாகவே ஓடியது. இப்போது அலுவலகக் கணினி 10.0.0.50-உம் உள்ளே வருகிறது. ஏன்?

பதில்: தம்பி, உங்கள் சேர்வர் செய்யும் சோதனை, முகவரியின் வாலைப் பிடித்து ஆளைத் தீர்மானிக்கிறது. 11 இலிருந்து 199 வரை எதில் முடிந்தாலும் போதும், கதவு திறந்துவிடும்.

சாக்கெட் (நிரலின் வலை இணைப்பு முனை) தரும் முகவரி நெட்வேர்க் வரிசையில் இருக்கும்: நினைவகத்தில் 192, 168, 1, 10 என்று அதிக மதிப்புள்ள பைட் முன்னால். இன்டெல், ஏஎம்டி சில்லுகளோ அந்த நாலு பைட்டையும் ஒரே எண்ணாக வாசிக்கும்போது கடைசி பைட்டுக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கும். 3232235786 என்று வரவேண்டிய 192.168.1.10, 167880896 ஆகிறது. 192.168.1.200 இற்கு 3355551936. 10.0.0.50 இற்குக் கிடைப்பது 838860810. நடுவில் வசதியாக உட்கார்ந்துவிட்டது. கடிதங்களை மாவட்டம் பாராமல் வீட்டு இலக்கத்தைப் பார்த்து அடுக்கினால், முல்லைத்தீவுக் கடிதமும் மன்னார்க் கடிதமும் ஒரே கட்டில் வருமல்லவா, அதேதான்.

அறைக்குள் பிழை தெரியாததற்குக் காரணம், அங்கே எல்லாருக்கும் முதல் மூன்று எண்களும் ஒன்று. மேல் எல்லையை 192.168.2.5 என்று மாற்றிப் பாருங்கள், ஒருவருமே நுழைய முடியாது.

தீர்வு சின்னது. வந்த முகவரி, கீழ் எல்லை, மேல் எல்லை மூன்றையும் என்-டு-எச்-எல் (ntohl, நெட்வேர்க் வரிசையைக் கணினியின் சொந்த வரிசையான ஹோஸ்ட் வரிசைக்கு மாற்றும் சி செயற்கூறு) வழியாக அனுப்பிவிட்டு ஒப்பிடுங்கள். விடையை 32 பிட் அன்சைன்ட் (எதிர்மறை எண் இல்லாத) மாறியில் வையுங்கள். சாதாரண இன்ட்டில் போட்டால் 128 இலும் அதற்கு மேலும் தொடங்கும் முகவரிகள் எதிர்மறை எண்களாகி, 192 இல் தொடங்கும் முகவரி 10 இல் தொடங்குவதை விடச் சிறியதாகிவிடும். முகவரி வந்தவுடனேயே ஒருதரம் மாற்றி, மாறியின் பெயரிலும் அதைக் குறித்துவிடுவது என் வழக்கம். பாதி வழியில் மாற்றினால் இரண்டாம் தரமும் மாற்றிவிடுவோம், அப்புறம் பழையபடி தலைகீழ்தான்.

சமமா என்று மட்டும் பார்ப்பதென்றால் இந்த வேலை தேவையில்லை, இரு பக்கமும் ஒரே வரிசையில் இருந்தால் போதும். சப்நெட் மாஸ்க் (முகவரியில் வலையமைப்பைக் குறிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் எண்) போட்டுப் பார்ப்பதற்கும் அப்படியே. ஆனால் கணினி தன்னையே குறிக்கும் லூப்பேக் முகவரிக்கான மாறிலி ஹோஸ்ட் வரிசையில் வருகிறது. அதை நேரே ஒப்பிட்டால் பொருந்தாது. போர்ட் எண்ணுக்கு இதே மாற்றத்தைச் செய்வது என்-டு-எச்-எஸ் (ntohs). சேர்வரின் லொக் பதிவில் 8080 இற்குப் பதில் 36895 என்று கண்டால் அதை மறந்திருக்கிறீர்கள்.

நீண்ட முகவரிகளைக் கொண்ட ஐபிவி6 இற்கு வேறு வழி: 16 பைட்டையும், பைட் பைட்டாக ஒப்பிடும் மெம்கம்ப்பிடம் (memcmp) கொடுங்கள், அது முன்னிருந்து பின்னாகவே பார்க்கும். முழு சாக்கெட் முகவரிக் கட்டமைப்பையும் கொடுத்துவிடாதீர்கள். போர்ட்டும் சேர்ந்து குழப்பும்.

திருத்திய பிறகு 192.168.1.10, 192.168.1.200 இரண்டும் நுழைய வேண்டும். 10.0.0.50, 192.168.0.50, 192.168.2.50 மூன்றும் வெளியே நிற்க வேண்டும்.