காசநோயும் கேட் ஸ்டீவன்ஸும்

வணக்கம் அண்ணா,

எனக்கு 24 வயது. சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவன். இரண்டு வருடம் முன்பு ஒரு பாட்டு நிறையப் பேரிடம் போய்ச் சேர்ந்தது, அதிலிருந்து ஓட்டம்தான். இப்போது நுரையீரலில் காசநோய், மாத்திரை ஆரம்பித்து இரண்டாவது மாதம். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பிரிட்டிஷ் பாடகர் கேட் ஸ்டீவன்ஸ் கதையைச் சொல்கிறார்கள். அவருக்கும் காசநோய் வந்ததாம். படுக்கையில் கிடந்ததால்தான் அவர் பெரிய ஆள் ஆனாராம், எல்லாம் நன்மைக்குத்தானாம். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. என்னிடம் சரக்கே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் மாத்திரை. இந்த இரண்டாவது மாதத்தில்தான் இருமல் குறையும், பசி எடுக்கும், இனி எதற்கு என்று தோன்றும். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் ஆகும், மருத்துவர் சொல்லும் கடைசி நாள் வரை ஒரு வேளையும் விடாதீர்கள்.

சரி, கேட் ஸ்டீவன்ஸ். உங்களைப் பார்க்க வருகிறவர்கள் கதையைப் பாதியிலிருந்து சொல்கிறார்கள். லண்டனில் 1948-இல் பிறந்த பையன், அப்பா சைப்ரஸ் கிரேக்கர், அம்மா ஸ்வீடன்காரர், வீட்டுக்குக் கீழேயே அவர்கள் நடத்திய உணவகம். 18 வயதில் அவர் எழுதிப் பாடிய 'மேத்யூ அண்ட் சன்' 1967 தொடக்கத்தில் பிரிட்டிஷ் பாடல் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. கடிகாரத்துக்குப் பயந்து ஓடி ஓடி வேலை செய்கிறவர்களைப் பற்றிய பாட்டு அது. பாடியவரும் அப்படித்தான் ஓடினார். அந்த வருடமே கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு ஒரே சுற்றுப்பயணத்தில் மேடை மேடையாக ஏறினார். இரண்டாவது ஆல்பம் எடுபடவில்லை. 1968-இல் காசநோய் வந்து, உயிர் போகும் நிலையில், சசெக்ஸ் பகுதி மிட்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்தார். வெளியே வந்து தேற ஏறக்குறைய ஒரு வருடம். அந்தக் காலத்தில் 40 பாட்டு வரை எழுதினார் என்பார்கள்.

இதைக் கேட்டவுடன், ஆகா, நோய்தான் எழுத வைத்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. பி.பி. அர்னால்ட் பாடி 1967-இல் ஹிட்டான, பிறகு ராட் ஸ்டீவர்ட் பாடி 1977-இல் முதலிடம் போன 'தி ஃபர்ஸ்ட் கட் இஸ் தி டீப்பஸ்ட்' இருக்கிறதே, அதை எழுதியது யார்? இதே கேட் ஸ்டீவன்ஸ்தான், நோய்க்கு முன்னால். சரக்கு ஏற்கனவே இருந்தது. பித்தளை வாத்தியமும் வயலினுமாக அவர் பாட்டுமேல் ஏற்றி வைத்த இரைச்சலில் அது கேட்காமல் போயிற்று, அவ்வளவுதான். எழுந்து வந்தவர் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனத்தில் சேர்ந்து, பால் சாம்வெல்-ஸ்மித்தைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டு, தன் கிடாருக்குப் பக்கத்தில் ஆலன் டேவிஸின் கிடாரை உட்கார வைத்தார். மற்றதெல்லாம் குறைந்தது. 1970 ஒரே வருடத்தில் இரண்டு ஆல்பம்.

அவருக்கு அந்த நாட்களில் கிடைத்தது நேரம். அடுத்த வாரம் எங்கே பாட வேண்டும் என்று யாரும் கேட்காத நேரம். அப்புறம் மருந்து. காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததே 1943-இல், அவருக்கு முந்தைய தலைமுறையில் இதே நோயில் படுத்த எத்தனை பாடகர்கள் எழுந்திருக்கவே இல்லையோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஐலண்ட் நிறுவனத்தில், அதே வருடங்களில், நிக் டிரேக் என்ற பாடகர் இருந்தார். அவருக்கு மனச்சோர்வு நோய். 1969-லிருந்து 1972-க்குள் மூன்று ஆல்பம், 1974-இல் 26 வயதில் இறந்துபோனார். நோய் கலைஞனுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும், கோபமும் வரும். பிழைத்து வந்தவரின் கதையை மட்டும் சொல்லி நோய்க்கு நன்றி சொல்வது சரியில்லை.

நானும் ஒருமுறை மூன்று மாதம் படுத்திருக்கிறேன். ஒரு பத்தி எழுதவில்லை. சாயங்காலக் காய்ச்சலில் போர்வையின் தையலை விரலால் எண்ணிக்கொண்டு கிடந்ததுதான் ஞாபகம். உங்களுக்கு இப்போது வரி வராததில் எந்தக் குற்றமும் இல்லை. உடம்பு வேறு வேலையில் இருக்கிறது.

(கேட் ஸ்டீவன்ஸ் 1977 கடைசியில் இஸ்லாமைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் ஆகி, பாப் இசையை விட்டு விலகி, 2006-இல்தான் மறுபடி அந்த வகை ஆல்பத்தோடு வந்தார். அது அவராக எடுத்த முடிவு, இதோடு சேர்க்க வேண்டாம்.)

உங்களால் முடியும்போது 1970-இல் அவர் பாடிய 'ஃபாதர் அண்ட் சன்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது, இருவருக்கும் குரல் இவர்தான். அப்பாவுக்குத் தாழ்ந்த, நெஞ்சோடு ஒட்டிய குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. மகன் முறை வரும்போது ஸ்தாயி மேலே ஏறுகிறது, குரல் திறந்துகொள்கிறது, மூச்சு முட்டாமல் வரி முழுக்க நிற்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு காசநோயில் கிடந்த நுரையீரல் அது. எனக்கு அந்த இடத்தில் கேட்பது நோய் இல்லை, ஆறி வந்த மூச்சு.

உங்கள் மூச்சும் ஆறட்டும். கடைசி மாத்திரை போட்ட அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அன்புடன்