கையெழுத்துப் போடும் முன்: கட்டடப் பொறியாளரிடம் சில கேள்விகள்

முப்பத்தெட்டு ஆண்டுகள் கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போட்டவன் நான். இம்முறை தொழில் நெறி பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கடிதங்களில் பாதி "பில்லருக்கு எத்தனை எம்எம் கம்பி போடலாம்?" என்பவை. வரைபடத்தைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்வதே நெறி தவறிய செயல் என்பதால் ஒதுக்கிவிட்டேன். மற்றவை இங்கே.

கேள்வி (தளப் பொறியாளர், ஓசூர்): ஐயா, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டாம் மாடித் தளத்தின் கியூப் (தளத்துக்குப் போட்ட காங்கிரீட்டிலேயே வார்த்து, வலிமை அறிய உடைத்துப் பார்க்கும் கனசதுரக் கட்டி) 28ஆம் நாள் சோதனையில் தோற்றுவிட்டது. எம்25, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை, வர வேண்டிய இடத்தில் 19தான் வந்தது. "வேறு கியூப் இருக்கிறது, அதை உடைத்து எழுதிக்கொள்" என்கிறார் திட்ட மேலாளர். அந்தக் கியூப் தனியாகச் சிமென்ட் கூட்டிப் போட்டது என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்தத் "தனிக் கியூப்" கட்டட வேலை நடக்கும் எல்லா இடங்களிலும் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவது ஏறக்குறைய ஒரு சடங்கு. நானும் இருபத்தாறு வயதில் ஒரு சிறு பாலத்துக்கு அப்படி எழுதியிருக்கிறேன். எதுவும் நடக்கவில்லை. நடக்காததால் அடுத்த முறை கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் பயப்படும் அளவுக்கு உண்மை செலவு வைக்காது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கியூப் தோற்றால் தளத்தை இடி என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் காங்கிரீட்டிலிருந்து கோர் (உருளை வடிவத் துண்டு) வெட்டி எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. கோர்களின் சராசரி, அந்த வயதுக்குரிய கியூப் வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதிலும் தேறாவிட்டால் பாரம் ஏற்றிச் சோதிக்கலாம், பிறகு வடிவமைப்பாளர் பலப்படுத்தும் வழி சொல்வார். கியூப் மட்டும் சரியாகச் செய்யப்படாமல், தளம் நன்றாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. பொய்யான எண்ணை எழுதினால் இது எதுவும் நடக்காது. தளம் எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே அதன் மேல் மூன்றாம் மாடி ஏறிவிடும்.

இன்றே செய்ய வேண்டியது: காங்கிரீட் போட்ட தேதி, ரெடிமிக்ஸ் வண்டி எண், வரைபடத்தில் எந்த அச்சுக்கோட்டிலிருந்து எந்தக் கோடு வரை, வந்த எண்கள் மூன்றும் (ஒரு மாதிரிக்கு மூன்று கியூப், சராசரியை மட்டும் எழுதாதீர்கள்). தளப் பதிவேட்டில் எழுதி, வடிவமைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மேலாளரைக் குற்றம் சொல்லி ஒரு வரியும் வேண்டாம். "எண் இது, கோர் எடுக்கலாமா?" என்று கேட்டால் போதும். மாற்றிய தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வேலை போகுமா என்று கேட்டிருந்தால், போகலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்வது எனக்கு எளிது. வாடகை கட்டுகிறவர் நீங்கள்.

அடுத்த முறை 28 நாள் காத்திருக்காதீர்கள். சாதாரண சிமென்ட் என்றால் ஏழாம் நாளிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்துவிடும். வரவில்லை என்றால் அன்றைக்கே வாயைத் திறங்கள்.

கேள்வி (பதிவு பெற்ற பொறியாளர், திருச்சி): எங்கள் ஊரில் வரைவாளர்கள் படம் போட்டு எடுத்து வருவார்கள். நான் கையெழுத்தும் முத்திரையும் போட்டால் படத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள். எல்லாரும் செய்வதுதான். சின்ன வீடுகள்தானே, இதில் தவறு என்ன?

பதில்: அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மனையின் மண் களியா, சரளையா, பழைய கிணற்றைத் தூர்த்த இடமா? தெரியாது என்றால் நீங்கள் விற்பது பொறியியல் அல்ல, மை.

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பதிவு பெற்ற பொறியாளர் என்ற ஒருவரை வைத்ததற்குக் காரணமே, அலுவலகத்தில் இருக்கும் அதிகாரி ஒவ்வொரு மனைக்கும் போய்ப் பார்க்க முடியாது என்பதுதான். அவருடைய கண்ணாக உங்களை நம்பியிருக்கிறார்கள். அந்தக் கண் மூடியிருந்தால், மேஸ்திரிக்கு மேலே அந்த வீட்டைப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை என்று பொருள்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். கட்டுநரோடு பொறியாளர்களும் கைதானார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. உங்கள் "சின்ன வீடு" அந்த அளவில் விழாது. ஆனால் விழுந்தால் தாளில் இருக்கும் பெயர் வரைவாளருடையது அல்ல.

தொகையை உயர்த்துங்கள். படத்தோடு மனையையும் பார்ப்பேன், அடித்தளக் கம்பி கட்டியதும் ஒருமுறை, தளக் கம்பி கட்டியதும் ஒருமுறை வருவேன் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடட்டும்.

கேள்வி (வீட்டு உரிமையாளர், நாகர்கோவில்): தரைத்தளமும் ஒரு மாடியும் என்று 1998இல் கட்டிய வீடு. இன்னும் ஒரு மாடி எடுக்க நினைக்கிறோம். ஒரு பொறியாளர் முடியாது என்கிறார். கொத்தனார் "நன்றாகத் தாங்கும்" என்கிறார். அனுமதி இல்லாமல் கட்டினாலும் பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: முடியாது என்றவருக்குக் கட்டணம் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் முதலில் கொடுங்கள். வருமானம் வரக்கூடிய வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்: அடித்தள அளவா, தூணில் கம்பி போதாதா, கடற்காற்றில் துரு ஏறியிருக்கிறதா? "பில்லரைச் சுற்றிக் காங்கிரீட் உறை போட்டால் தாங்கும்" என்பதுபோல வழி இருந்தால் அதுவும் அப்போதுதான் வெளியே வரும்.

வரன்முறைக் கட்டணம் கட்டினால் வீடு சட்டத்துக்குள் வரும். அடித்தளத்தின் அகலம் கூடாது. துருக்கியில் 2018இல் விதி மீறிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பொது மன்னிப்புக் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அந்நாட்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அந்த மன்னிப்பைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

கேள்வி (ஒப்பந்ததாரர், சேலம்): தீபாவளிக்குச் சிமென்ட் வியாபாரி இனிப்புப் பெட்டி தருகிறார். வாங்கலாமா?

பதில்: இனிப்பு என்றால் தளத்தில் எல்லாருக்கும் பிரித்துக் கொடுங்கள். அடியில் தங்கக் காசு இருந்தால் அது இனிப்பு அல்ல. நீங்கள் கட்டிக்கொடுக்கும் வீட்டின் உரிமையாளர் எதிரில் அந்தப் பெட்டியைத் திறக்கத் தயங்குவீர்களா என்று பாருங்கள்.

கேள்வி (வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்): ஒரு கட்டடத்தில் குடியேறிய பிறகு என் கணக்கில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தேன். யாருக்கும் தெரியாது. இதுவரை விரிசல்கூட இல்லை. இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: தூக்கம் வராதது நல்ல அறிகுறி. நியூயார்க்கில் ஒருவருக்கு இதே நிலை வந்தது, அதைச் சொல்கிறேன்.

சிட்டிகார்ப் கட்டடம், 59 மாடி, 1977இல் முடிந்தது. மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால், தாங்கும் பெருந்தூண்களை நான்கு மூலைகளில் வைக்காமல் நான்கு பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். வடிவமைத்தவர் வில்லியம் லெமெசூரியர். அடுத்த ஆண்டு பொறியியல் மாணவர் ஒருவரின் கேள்வி அவரைத் திரும்பக் கணக்குப் போட வைத்தது. காற்று நேராக அடிக்காமல் மூலையை நோக்கிச் சாய்வாக அடித்தால்? சில குறுக்குக் கம்பங்களில் விசை 40 சதவீதம் கூடியது. அதுமட்டும் என்றால் தாங்கியிருக்கும். ஆனால் அவர் பற்றவைக்கச் சொன்ன இணைப்புகளைச் செலவு குறைய போல்ட் போட்டு முடித்திருந்தார்கள். அந்த இணைப்புகளில் விசை 160 சதவீதம் கூடியது. மின்சாரம் போய், கட்டடம் ஆடுவதைக் குறைக்க மேலே வைத்திருந்த அதிர்வடக்கி நின்றுவிட்டால், பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே போதும் என்று அவர் கணக்குச் சொன்னது.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: வாயை மூடிக்கொள்வது, உயிரை விடுவது, சொல்லிவிடுவது. சொன்னார். காப்பீட்டு நிறுவனத்திடம், வழக்கறிஞர்களிடம், வங்கியிடம். 1978இன் புயல் பருவத்தில் இரவுகளில் ஆட்கள் வந்து, இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகளின் மேல் இரண்டு அங்குலத் தகடுகளைப் பற்றவைத்தார்கள்.

எல்லாரும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு ஒரு குறை உண்டு. அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும் சுற்றிலும் குடியிருந்தவர்களுக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. 1995 வரை ஊருக்குத் தெரியாது. மனிதருக்குப் பெரிய துணிச்சல்தான். ஆனால் அபாயத்தில் இருந்தவர்களைக் கேட்காமலே அவர்கள் சார்பில் அபாயத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். கணக்கை நம்பகமான இன்னொரு பொறியாளரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். பிழை என்று நினைத்ததே பிழையாக இருக்கலாம். உறுதியானால் மறுநாளே உரிமையாளரிடம் போங்கள், கையில் தீர்வோடு. நான் ஒருமுறை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் எடையைப் பீம் கணக்கில் விட்டுவிட்டேன். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். உரிமையாளர் பத்து நிமிடம் கத்தினார், அப்புறம் "எப்படிச் சரி செய்வது?" என்று கேட்டார். அடியில் எஃகுச் சேனல் வைத்த செலவு என்னுடையது. இரண்டு மாதம் கை கடித்தது. அவர்தான் பிறகு தன் மகள் வீட்டு வேலையையும் என்னிடம் கொடுத்தார்.

கேள்வி (எஃகுக் கட்டுமான மேற்பார்வையாளர், ஸ்ரீபெரும்புதூர்): பட்டறைக்காரர் "சின்ன மாற்றம்தான்" என்று தொலைபேசியில் ஒப்புதல் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் வரைபடம் கேட்டால் வேலை நிற்கிறது.

பதில்: நிற்கட்டும். 1981 ஜூலை 17, கன்சாஸ் சிட்டி, ஹயத் ரீஜென்சி ஹோட்டல். இரண்டாம் மாடி நடைபாலமும் நான்காம் மாடி நடைபாலமும் மேற்கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக வரைபடம். நீளக் கம்பி முழுக்க மரை வெட்டுவது தொல்லை என்று, மேல் பாலத்துக்கு ஒரு கம்பி, அதிலிருந்து கீழ்ப் பாலத்துக்கு வேறு கம்பி என்று மாற்றினார்கள். கயிற்றில் இருவர் தனித்தனியே தொங்குவதற்கும், ஒருவன் காலைப் பிடித்து மற்றவன் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. கயிறு அப்படியே இருக்கும். மேலே இருப்பவனின் கைப்பிடிக்கு இரட்டைப் பாரம். 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடமே அந்நகர விதி கேட்ட வலிமையில் 60 சதவீதம்தான் தந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அதாவது மாற்றத்தை ஒருவர் உட்கார்ந்து கணக்கிட்டிருந்தால் பழைய தவறும் சேர்ந்தே பிடிபட்டிருக்கும். பொறுப்பான இரு பொறியாளர்களின் மிசூரி மாநில உரிமம் பறிக்கப்பட்டது.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை): எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத் தூண்களைப் பார்த்த பொறியாளர் நாற்பது பக்க அறிக்கை கொடுத்திருக்கிறார். வீட்டை விற்க நினைப்பவர்கள் அதை வெளியிட வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: வெளியிடுங்கள். அந்த வீடுகளை வாங்கப் போகிறவர்களும் அதே தூண்களின் மேல்தான் தூங்கப் போகிறார்கள். பிளாட் ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் என்றால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டமைப்புக் குறையைக் கட்டுநரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மூடிவைத்தால் அந்த உரிமையும் கைநழுவிவிடும்.

அந்தப் பொறியாளருக்கும் ஒரு வார்த்தை. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு 2021 ஜூன் 24 அன்று விழுந்து 98 பேர் இறந்தார்கள். நீர்க்காப்புக் கெட்டு நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே பெரிய கட்டமைப்புச் சேதம் இருக்கிறது என்று 2018லேயே பொறியாளரின் அறிக்கை சொல்லியிருந்தது. படித்தவர்கள் அதைச் செலவுக் கணக்காகப் பார்த்தார்கள், ஆண்டுகள் ஓடின. நாற்பது பக்கம் எழுதுங்கள், தவறில்லை. முதல் பக்கத்தில் மூன்று வரி போதும்: எந்தத் தூணுக்கு இந்த வாரமே முட்டு, எந்த இடத்தில் கார் நிறுத்தக் கூடாது, எத்தனை நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும். தாத்தா பாட்டிக்கும் புரியும் தமிழில்.

கேள்வி (பொறியியல் மாணவி, திருநெல்வேலி): பள்ளம் தோண்டும் தொழிலாளர் பாதுகாப்பு ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று பாடத்தில் படித்தோம். அப்படியானால் பொறியாளருக்கு என்ன?

பதில்: ஒப்பந்தத் தாளில் அப்படித்தான் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம், பக்கத்தில் பலகை இல்லை, தோண்டிய மண் விளிம்பிலேயே குவிந்திருக்கிறது. உள்ளே ஆள் இறங்கப் போகிறான். பார்த்துவிட்டு நகர்ந்தீர்கள் என்றால் எந்த ஒப்பந்தமும் உங்களைக் காக்காது. முதலில் ஆளை வெளியே கூப்பிடுங்கள். யார் பொறுப்பு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மீண்டும் ஓசூர்: ஐயா, கோர் எடுத்தார்கள். சராசரி 81 சதவீதம். பாரச் சோதனை வரை தளத்தின் அடியில் முட்டு நிற்கிறது. மூன்றாம் மாடி வேலையை நிறுத்திவிட்டார்கள். என்னைப் பொருள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பதில்: கிடங்கிலும் வேலை இருக்கிறது. சிமென்ட் மூட்டைகளில் அச்சிட்ட வாரத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆனவற்றைத் தனியே அடுக்கி, சோதிக்காமல் வெளியே விடாதீர்கள். அதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.