பள்ளத்தாக்கில் இறங்குமுன்: அமெரிக்கத் தென்மேற்குப் பயணம் குறித்த கேள்வி பதில்

நானும் என் கணவரும் பதினாறு ஆண்டுகளாக அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் வசிக்கிறோம். சயான், பிரைஸ், ஆர்ச்சஸ் ஆகிய தேசியப் பூங்காக்கள், கொலராடோ ஆறு அறுத்த பெரும்பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யன் என்று நீளும் பாலைநிலப் பாதையில் ஏழு முறை காரில் போய்வந்திருக்கிறோம். இருவராகக் கிளம்பும் தம்பதியர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே உள்ளன.

கேள்வி (டாலஸ்): அக்கா, எங்களுக்கு ஐந்து நாள் விடுமுறை. லாஸ் வேகஸில் இறங்கி, யூட்டாவின் ஐந்து தேசியப் பூங்காக்களையும் கிராண்ட் கேன்யனையும் மானுமென்ட் வேலியையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியாது. வரைபடத்தில் தெரியும் தூரம் இந்த நிலத்தில் பொய் சொல்லும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் நின்றால் வடக்கு விளிம்பு எதிரிலேயே தெரிகிறது. இடைவெளி பறவைக்குப் பத்து மைல்தான். காருக்கோ இருநூறு மைலுக்கு மேல், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆகவே ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேப்பிடல் ரீஃப், மானுமென்ட் வேலி நான்கையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துவிடுங்கள்.

மிஞ்சிய மூன்றையும் பிரைஸ், சயான், கிராண்ட் கேன்யன் என்ற வரிசையில் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்நிலம் மாபெரும் படிக்கட்டாக அமைந்திருக்கிறது. பிரைஸின் அடிப்பாறை சயானின் உச்சிப் பாறை. சயானின் அடிப்பாறை கிராண்ட் கேன்யன் விளிம்பின் பாறை. அந்த விளிம்புப் பாறைக்கு வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள். கீழே கொலராடோ ஆற்றங்கரையில் கிடக்கும் கருநிறப் பாறைக்கு 170 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்த வரிசையில் போனால், நாளுக்கு நாள் பூமியின் பழைய காலத்துக்குள் படிப்படியாக இறங்குகிறோம் என்பது கண்ணுக்கே புலப்படும். முதல் பயணத்தில் இதை அறியாமல் தலைகீழாகச் சுற்றிவந்தோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி (ஃப்ரீமான்ட்): ஜூனில் யூட்டாவின் கேனப் ஊரில் தங்குகிறோம். காலை பத்து மணிக்கு ஆன்டிலோப் கேன்யன் முன்பதிவு. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: யூட்டாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள்; அரிசோனாவில் தள்ளமாட்டார்கள்; ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் தள்ளுவார்கள். குறுகிய பாறைப் பிளவான ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலத்தில் இருந்தாலும், அங்கு அழைத்துச் செல்வோர் பொதுவாகப் பக்கத்து ஊரான பேஜின் நேரத்தை, அதாவது அரிசோனா நேரத்தையே பின்பற்றுகிறார்கள். எந்தக் கோபுரத்தின் அலை கிடைக்கிறதோ அந்த நேரத்தைக் கைப்பேசி காட்டும் என்பதால், அதைத் தானாக மாற விடாமல் பீனிக்ஸ் நேரத்தில் நிறுத்திவையுங்கள். பேஜ் வரை ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு, அரிசோனா நேரப்படி எட்டு மணிக்குப் புறப்படுங்கள்.

கேள்வி (சியாட்டில்): மதுரையிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும் பூங்காக்களின் ஆண்டு அட்டை வாங்க வேண்டுமா? மானுமென்ட் வேலிக்கும் அது செல்லுமா?

பதில்: 2026 முதல் ஆண்டு அட்டை அமெரிக்காவில் வசிப்போருக்கு 80 டாலர், பிற நாட்டவருக்கு 250 டாலர். மானுமென்ட் வேலியும் ஆன்டிலோப் கேன்யனும் நவஹோ மக்களுடையவை. அங்கு இந்த அட்டை செல்லாது.

கேள்வி (சான் ஹோசே): எனக்குச் சொந்த ஊர் கோவை. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஐந்து முறை ஏறியிருக்கிறேன். ஜூனில் நானும் மனைவியும் கிராண்ட் கேன்யனில் ஆறு வரை இறங்கி அன்றே மேலே வர எண்ணுகிறோம். எந்தத் தடம் நல்லது?

பதில்: எந்தத் தடத்திலும் வேண்டாம். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே பலகை வைத்து எச்சரிக்கிறது.

வெள்ளியங்கிரி ஏறிய கால்களை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கமே இங்கு ஆளை ஏமாற்றும். வெள்ளியங்கிரியோ பர்வதமலையோ, நம் மலைகளில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம், களைத்த பிறகு இறங்குகிறோம். பாதியில் முடியவில்லை என்றால் திரும்பலாம். மேலே போகப் போகக் காற்றும் குளிரும். இங்கு எல்லாமே நேர்மாறு. விடியற்குளிரில், உடம்பில் வலுவெல்லாம் இருக்கும்போது இறக்கம். உச்சி வெயிலில், கால் ஓய்ந்த பிறகு ஏற்றம். பிரைட் ஏஞ்சல் தடத்தில் ஆறு வரை ஏறத்தாழ எட்டு மைல், 4,300 அடிக்கு மேல் இறக்கம். விளிம்பைவிட அடியில் 11 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடுதலாக இருக்கும். ஜூனில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது அங்கு வழக்கம். இறங்க எடுத்த நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும்.

எங்கள் முதல் ஆண்டில், ஜூன் மாதம், நாலரை மைல் தொலைவிலுள்ள ஹவசுபாய் கார்டன்ஸ் வரை போய்த் திரும்பினோம். வரும் வழியில், விளிம்பிலிருந்து மூன்று மைலில் உள்ள ஓய்விடத்துக்குக் கீழே என் கணவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவருடைய நீலச் சட்டையில் வியர்வை காய்ந்து, முதுகுக்குக் குறுக்கே வெள்ளை உப்புக் கோடுகள் வரைந்தாற்போல் நின்றன. நீட்டிய பிஸ்கெட்டை வேண்டாம் என்று தள்ளினார். தள்ளிய கை நடுங்கியது. ஓய்விடத்தை அடைந்து, சட்டையை நனைத்து உடுத்தி, வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். விளிம்பை அடைந்தபோது இரவு பதினொன்று.

கேள்வி (அட்லாண்டா): மேலே கேட்டவரை வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். என் நண்பர் ஒரே நாளில் போய்வந்தார்.

பதில்: எந்த மாதத்தில் போனார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அக்டோபர் இறுதியில், பல மாதப் பயிற்சிக்குப் பின் போய்வருவோர் உண்டு. நான் ஜூனைப் பற்றிப் பேசுகிறேன். மேலும், உங்கள் நண்பர் தனியாகப் போனாரா? இவர்கள் இருவர். ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் அவரை விட்டுவிட்டு உதவி தேடிப் போவதா, கூடவே இருப்பதா என்ற இக்கட்டு அந்தத் தடத்தில் எவருக்கும் வரக்கூடாது. நான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதில் இருந்தவள்.

கேள்வி (நியூ ஜெர்சி): அம்மா, என் கணவர் வேகமாக நடப்பவர், முன்னே போய்விட்டு எனக்காகக் காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார். இருவரும் ஒன்றாக நடக்க என்ன வழி?

பதில்: நீங்கள் முன்னே நடங்கள், அவர் பின்னே வரட்டும். இன்று நடக்கும் முறையில் அவருக்குத்தான் ஓய்வு கிடைக்கிறது, உங்களுக்குக் கிடைப்பதில்லை. எங்கே திரும்புவது என்பதைக் காலையிலேயே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு முன்பே திரும்பலாம் என்று மெதுவாக நடப்பவர் சொன்னால், மற்றவர் காரணம் கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில் பதினைந்து ஆண்டுகளாக இதுதான் நடைமுறை.

கேள்வி (சிகாகோ): ஜூலையில் ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்வரலாமா?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். ஜூலை ஜூனைவிடக் கொடியது.

கேள்வி (ஹூஸ்டன்): நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தண்ணீர் நிறையக் குடித்தால் போதும்தானே?

பதில்: போதாது. உப்பில்லாமல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் மட்டும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் வரும். பார்வைக்கு அது வெப்பச் சோர்வு போலவே இருப்பதால், மேலும் தண்ணீர் கொடுத்துக் கெடுத்துவிடுவார்கள். புளியோதரை, உப்புக் கடலை, எலுமிச்சை ஊறுகாய் எடுத்துச் செல்லுங்கள். பசிக்காவிட்டாலும் மணிக்கொரு முறை ஒரு வாய் சாப்பிடுங்கள். உணவகங்களுக்கு வலைத்தளத்தில் தேடிக்கொள்ளலாம்.

கேள்வி (டொரன்டோ): ஆகஸ்டில் குறுகிய பாறைப் பிளவுகளுக்குள் நடக்கலாமா? வானம் தெளிவாக இருந்தால் பயமில்லைதானே?

பதில்: தலைக்கு மேல் இருக்கும் வானம் எதையும் சொல்லாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் பதினொரு பயணிகள் வெள்ளத்தில் மாண்டார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி, ஓடையின் மேற்பகுதியில். ஒரு பிளவுக்குள், என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், பட்டை உரிந்த மரத்தடி ஒன்று இரு பாறைகளுக்கும் இடையே செருகி நிற்பதைப் பார்த்தேன். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது தண்ணீர். ஜூலை முதல் செப்டம்பர் வரை, அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பூங்கா அலுவலகத்தில் கேட்காமல் நுழையாதீர்கள்.

கேள்வி (ஆஸ்டின்): ஆர்ச்சஸில் படம் எடுக்கத் தடத்தை விட்டு இறங்கலாமா?

பதில்: கூடாது. ஓரத்தில் கருகியது போல மொறமொறப்பாகத் தெரியும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைக் கட்டிவைத்திருக்கின்றன. ஒரு காலடியில் உடைவது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கேள்வி (பாஸ்டன்): ஆன்டிலோப் கேன்யனுக்கு எந்த நேரம்?

பதில்: அரிசோனா நேரம். ஃப்ரீமான்ட் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (சான் ஹோசே, மீண்டும்): உங்கள் பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். விமானச் சீட்டு எடுத்தாயிற்று, ஜூனை மாற்ற முடியாது. எதுவரை போகலாம்?

பதில்: அவரிடம் படித்துக் காட்டியது எனக்கு மகிழ்ச்சி. பிரைட் ஏஞ்சல் தடத்தில் ஒன்றரை மைல் ஓய்விடம் வரை போங்கள். ஏறத்தாழ 1,100 அடி இறக்கம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று முந்தின நாளே பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு இறங்கத் தொடங்கினால் ஒன்பதுக்குள் மேலே வந்துவிடலாம். பத்து மணி முதல் நான்கு வரை தடத்தில் இருக்கக்கூடாது. ஆற்றைத் தொட வேண்டும் என்ற ஆசை இருந்தால், இன்னோர் ஆண்டு அக்டோபருக்கு முகாம் அனுமதி வாங்கி, கரையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியுமுன் ஏறத் தொடங்குங்கள். நாங்கள் ஆற்றைத் தொட்டது நான்காம் ஆண்டில்.