பவளம் என்று பெயர் வாங்கிய அசிடியன்: வாசகர் கேள்விகள்

படகின் அடிப்பகுதியிலும் துறைமுகச் சுவரிலும் கடற்பாசி இலைகளிலும் பூக்கோலம் போட்டதுபோல் ஒட்டி வளரும் ஒரு கூட்டு அசிடியனைப் பற்றிச் சென்ற முறை எழுதியிருந்தேன். அசிடியன் என்பது ஓரிடத்தில் ஒட்டி, கடல்நீரை வடிகட்டி உண்ணும் பை போன்ற விலங்கு; கூட்டு அசிடியனில் பல விலங்குகள் ஒரே பட்டையாக வாழும். பொட்ரில்லஸ் ஷ்லோசெரி: முதல் சொல் பேரினத்தின் பெயர், இரண்டாவது இனப்பெயர். ஐரோப்பியக் கடல்களில் மிகச் சாதாரணமானது. அதன் வாழ்க்கையை விட அதன் பெயரைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்கும் அதில்தான் ஆசை. வந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: ஷ்லோசெரி என்பது யார் பெயர்? இதை முதலில் பவளம் என்றே வகைப்படுத்தினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதுகுநாணி உள்ள விலங்கை எப்படிப் பவளமாக நினைத்தார்கள்?

ஷ்லோசர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மருத்துவர். கடல் பொருட்களைச் சேகரிப்பதில் பைத்தியம் கொண்டவர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃபால்மவுத் துறைமுகத்தில் கடலடியை வாரியபோது அவர் கைக்கு வந்தது இது. சதைப்பற்றான ஒரு பட்டை, அதன் மேல் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். லண்டனில் இருந்த பீட்டர் காலின்சனுக்கு அதை விவரித்துக் கடிதம் எழுதினார். ஜான் எல்லிஸ் தன் பங்குக்குக் குறிப்பும் சேர்த்தார். எல்லாம் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில், 1755-56க்கான தொகுதியில் அச்சாயின. வேடிக்கை என்னவென்றால் காலின்சன், எல்லிஸ் இருவருமே துணி வியாபாரிகள். அந்தக் காலத்து இயற்கை அறிவியல் பாதி கடைக்காரர்களாலும் மருத்துவர்களாலும் நடந்தது.

பவளமும் அதைப் போன்றவையும் செடியா, கல்லா, விலங்கா என்று அப்போது பெரிய சண்டை. அவை விலங்குகளின் வேலை என்று வாதாடியவர்களில் எல்லிஸ் முக்கியமானவர். ஷ்லோசரும் இந்த நட்சத்திரங்களை விலங்கு என்றே அடையாளம் கண்டார். அதுவரை சரி. ஆனால் ஒரு நட்சத்திரம் முழுவதும் ஒரே விலங்கு, அதன் இதழ்கள் அதன் கைகள் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் பவளப் பாலிப் மாதிரியே தெரியும் அல்லவா? உண்மையில் ஒவ்வோர் இதழும் தனி விலங்கு. சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளம். வாய்த் துளை வெளிப்பக்கம், கழிவு நீர் வெளியேறும் துளை மட்டும் நடுவில் எல்லோருக்கும் பொது. ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் கட்டி, சாக்கடையை மட்டும் பொதுவாக வைத்தது போல.

1766இல் பீட்டர் சைமன் பல்லாஸ் தாவர விலங்குகள் பற்றிய தன் நூலில் இதற்கு அல்சியோனியம் ஷ்லோசெரி என்று பெயர் வைத்தார். அல்சியோனியம் என்பது மென்பவளங்களின் பேரினம். அப்போது பல்லாஸுக்கு வயது இருபத்தைந்துகூட முழுதாக ஆகியிருக்காது. அவரை ரொம்பக் குறை சொல்லவும் முடியாது. முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு, அதாவது முதுகுநாணி, இருப்பது இதன் நீந்தும் இளம்பருவத்தின் வாலில் மட்டும்தான். அந்த முதுகுநாணி அசிடியன்களை முதுகெலும்பிகளின் உறவு என்று சொல்கிறது எனக் கோவலெவ்ஸ்கி காட்டியது 1866இல், பல்லாஸ் பெயர் வைத்துச் சரியாக நூறு ஆண்டு கழித்து.

கேள்வி: பேரினத்தை உருவாக்கியவர் கெர்ட்னர். அப்புறம் ஏன் பெயருக்குப் பின்னால் "பல்லாஸ், 1766" என்று போடுகிறார்கள்? அதுவும் அடைப்புக்குறிக்குள்?

அடைப்புக்குறிதான் பதில். இனப்பெயரை யார் முதலில் வைத்தாரோ அவர் பெயரும் ஆண்டும் எப்போதும் அந்த இனத்தோடு போகும். அந்த இனத்தைப் பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டால் ஆசிரியர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பல்லாஸ் வைத்த வீட்டில் இது இப்போது இல்லை என்பதற்கான அடையாளம் அது. மாற்றியவர் பெயரை விலங்கியலில் சொல்வது வழக்கம் இல்லை. தாவரவியலில் சொல்வார்கள், அதனால் குழப்பம் வருகிறது.

ஜோசஃப் கெர்ட்னரே தாவரவியலாளர்தான். கனிகளையும் விதைகளையும் பற்றி அவர் 1788இல் வெளியிடத் தொடங்கிய நூலுக்காகவே இன்று அவரைத் தெரியும். 1774இல் பல்லாஸின் வெளியீடு ஒன்றின் வழியாகப் பொட்ரில்லஸ் என்ற பேரினம் வந்தது. கிரேக்கத்தில் போட்ரிஸ் என்றால் திராட்சைக் குலை. பொட்ரில்லஸ், சின்னக் குலை. அதே இடத்தில் கெர்ட்னர் வைத்த இனப்பெயர் ஸ்டெல்லேட்டஸ், நட்சத்திரம் உள்ளது என்று பொருள். அழகான பெயர், ஆனால் எட்டு ஆண்டு தாமதம். அதனால் அது இன்று ஷ்லோசெரியின் மாற்றுப்பெயர் மட்டுமே.

ஷ்லோசரின் கடிதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாதா என்று ஒரு மாணவர் தனியாகக் கேட்டிருந்தார். கூடாது. விலங்குப் பெயர்களின் கணக்கு 1758இலிருந்துதான் ஓடுகிறது. கடிதம் அதற்கு முந்தியது. தவிர, அதில் பேரினமும் இனமும் சேர்ந்த இருசொல் பெயர் எதுவும் இல்லை.

கேள்வி: இது பவளம் இல்லை என்று யார் கண்டுபிடித்தார்கள்?

1815-16இல் பிரான்சில் ஒரே நேரத்தில் பலர். லெசுவரும் தெமாரேயும் நட்சத்திரத்தின் இதழ்கள் தனித்தனி விலங்குகள் என்று காட்டினார்கள். சவின்யி கூட்டு அசிடியன்களை வரிசையாக அறுத்துப் பார்த்து, தனித்து வாழும் அசிடியன்களின் அதே உடலமைப்பு இவற்றிலும் இருப்பதை 1816இல் படங்களோடு வெளியிட்டார். அசிடியன்களும் அவற்றின் உறவினர்களும் அடங்கிய குழுவுக்கு லாமார்க் அதே ஆண்டு டியூனிக்கேட்டா என்ற பெயரைக் கொடுத்தார். என் மனத்தில் நிற்பவர் சவின்யிதான். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு இருபத்தொரு வயதில் போனவர். மில்லிமீட்டர் அளவு உயிர்களை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த அந்தக் கண்கள் பிற்பாடு நோயுற்று, பல ஆண்டுகள் இருட்டறையில் கழித்தார். அவர் வரைந்த படங்களை இன்றும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஒரே பாறையில் பொன்னிறம், ஊதா, கறுப்பு, வெள்ளைக் கோடு போட்டது என்று நான்கு விதம் பார்த்தேன் (பிரிட்டனில் படிக்கிறேன்). எல்லாம் ஒரே இனமா?

இருக்கலாம். நிறம் பரம்பரையாக வரும், ஆனால் அது இனத்தைப் பிரிக்கும் அடையாளம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஏற்க யாருக்கும் மனம் வரவில்லை. மில்ன் எட்வர்ட்ஸ் 1841இல் பச்சையாக இருந்ததற்கு மரகதம் என்ற பொருளில் ஒரு பெயர், ஊதாவாக இருந்ததற்கு வேறொன்று. ஜியார் 1872இல் பொற்கோடு, சாமந்தி என்று போய்க்கொண்டே இருந்தார். அமெரிக்காவில் வெரில் 1871இல் கௌல்டியை என்று ஒன்று. புடவைக்கடைப் பட்டியல் மாதிரி இருக்கும். இவை எல்லாம் பிறகு ஷ்லோசெரிக்குள் சேர்க்கப்பட்டன. ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய்விடும் என்பதும் ஒரு காரணம். அருங்காட்சியகக் குப்பியில் மரகதமும் சாமந்தியும் ஒரே பழுப்பு.

கேள்வி: பொட்ரில்லாய்டிஸ் லீச்சி என்று சில கட்டுரைகளில், லீச்சிஐ என்று சிலவற்றில். செவலென்ஸே, செவலென்சிஸ் என்றும் இரண்டு விதம். எதை எழுதுவது? (தூத்துக்குடி, முதுகலை மாணவி)

நல்ல கண் உங்களுக்கு. இவை பொட்ரில்லஸின் நெருங்கிய உறவான பொட்ரில்லாய்டிஸ் பேரினத்தின் இரண்டு இனங்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்.

முதலாவது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வில்லியம் லீச்சின் பெயரால் சவின்யி வைத்தது. லத்தீனில் ஆண் பெயரை ஆறாம் வேற்றுமையாக்கும்போது ஒரு ஐ போடலாம், இரண்டும் போடலாம். ஆனால் முதலில் வைத்தவர் எதைப் போட்டாரோ அதுவே நிற்கும். சவின்யி போட்டது இரண்டு. ஆகவே இரட்டை ஐ.

இரண்டாவது பால் சம்பந்தப்பட்டது. நம் இலக்கணத்தில் பால் ஐந்து என்றால் லத்தீனில் மூன்று: ஆண், பெண், நடு. இனப்பெயர் பண்புச்சொல்லாக இருந்தால் பேரினத்தின் பாலோடு இசைய வேண்டும். பொட்ரில்லாய்டிஸை நடுப்பாலாகக் கொண்டவர்கள் நைக்ரம், செவலென்ஸே என்று எழுதினார்கள். ஆண்பாலாகக் கொண்டால் நைஜர், செவலென்சிஸ். இப்போதைய உலகப் பட்டியல்களில் ஆண்பால் வடிவமே இருக்கிறது. அதையே எழுதுங்கள், ஆனால் பழைய கட்டுரைகளைத் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் பாதி கிடைக்காது. லீச்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பண்புச்சொல் அல்ல, "லீச்சினுடைய" என்ற உடைமைச் சொல். எந்தப் பேரினத்துக்குப் போனாலும் மாறாது. ஷ்லோசெரியும் அப்படியே.

செவலென்சிஸ் உங்கள் கடலின் பெயர் என்பதைக் கவனித்தீர்களா? முத்துக்குளிப்பு ஏன் பொய்த்துப் போகிறது என்று பார்க்க இலங்கை அரசு அழைத்து, லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். சிப்பிப் பாறைகளிலிருந்து எடுத்த அசிடியன்களை 1906இல் விவரித்தார். ஆங்கிலப் பதிவுகளில் செவல் பார் என்று வரும் புகழ்பெற்ற முத்துப்பாரின் பெயர்தான் இதில் இருக்கிறது. பார் என்று நம் மீனவர்கள் சொல்லும் கடலடிப் பாறையின் பெயர் லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. கல்லூரியில் நாம் எல்லோரும் அறுத்துப் பார்த்த ஹெர்ட்மேனியா என்ற அசிடியனும் இவர் பெயரில் உள்ளதுதான். அந்தப் பேரினத்தை லஹீல் 1888இலேயே வைத்துவிட்டார்.

கேள்வி: பொட்ரில்லஸ், பொட்ரில்லாய்டிஸ் இரண்டும் ஒன்று என்று ஒரு புத்தகம் சொல்கிறது. உண்மையா?

சில வல்லுநர்கள் அப்படிச் சேர்த்தார்கள். இன்று பெரும்பாலும் பிரித்தே வைக்கிறார்கள். முதலில் பிரித்தவர் மில்ன் எட்வர்ட்ஸ், 1841. வட்ட நட்சத்திரமாக இருந்தால் பொட்ரில்லஸ், நீண்ட இரட்டை வரிசையாக ஓடினால் பொட்ரில்லாய்டிஸ். பார்வைக்கு இது போதும் என்றாலும் நம்பாதீர்கள். நெருக்கடியில் நட்சத்திரமும் நசுங்கி வரிசையாகும். முட்டைப்பையும் விந்தகமும் எங்கே எப்படி அமைந்திருக்கின்றன, கரு எங்கே வளர்கிறது என்பதையே இன்று பார்க்கிறார்கள்.

சேர்த்தால் ஒரு பெயர்ச் சண்டை வேறு வரும். ஜப்பானின் ஓகா 1927இல் பொட்ரில்லாய்டிஸ் வயலேசியஸ் என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். மில்ன் எட்வர்ட்ஸோ 1841லேயே பொட்ரில்லஸ் வயலேசியஸ் என்று ஒன்றை வைத்திருந்தார். இரண்டையும் ஒரே பேரினத்தில் போட்டால் ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர். பிந்தியவர் பெயரை மாற்றியாக வேண்டும்.

கேள்வி: டிஎன்ஏ வந்த பிறகு ஷ்லோசெரி ஓர் இனமே இல்லை, ஐந்து என்கிறார்களே?

2012இல் வந்த மரபணு ஆய்வு அதைத்தான் சொன்னது. ஷ்லோசெரி என்று எல்லோரும் அழைத்ததற்குள் ஐந்து கிளைகள், ஏ முதல் ஈ வரை. அவற்றில் ஏ கப்பல்களோடு உலகமெல்லாம் பரவியது. மற்றவை குறுகிய இடங்களில் இருப்பவை. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் சொல்வது கடினம்.

இங்கேதான் பெயரியலின் முடிச்சு. ஐந்தும் தனித்தனி இனங்கள் என்றால் எதற்கு ஷ்லோசெரி என்ற பெயர் சேரும்? ஒரு பெயர் விவரணையோடு கட்டப்பட்டது அல்ல, பெயர் வைக்க அடிப்படையாக இருந்த மாதிரிப்பொருளோடு கட்டப்பட்டது. ஷ்லோசர் ஃபால்மவுத்தில் எடுத்த மாதிரி இன்று இல்லை. அவர் விவரணை ஐந்துக்கும் பொருந்தும். வீட்டுப் பத்திரம் தொலைந்துபோய், ஐந்து வீடுகளும் ஒரே மாதிரி இருந்தால் என்ன செய்வது?

இப்படிப்பட்ட நேரத்துக்காகவே புதுவகை மாதிரி என்ற ஏற்பாடு விதியில் உண்டு. மூல மாதிரி இல்லை என்று ஆகி, குழப்பத்தைத் தீர்க்கத் தேவையும் இருந்தால் வேறொரு மாதிரியை அந்த இடத்தில் வைக்கலாம். 2017இல் இத்தாலியரான புருனெட்டியும் அவர் குழுவினரும் அதைச் செய்தார்கள். உடலமைப்பை விவரித்து, டிஎன்ஏ அடையாளத்தையும் கூடவே வைத்தார்கள். ஷ்லோசெரி என்ற பெயர் ஏ கிளைக்குப் போனது. உலகெங்கும் பரவி, ஆய்வகங்களில் அதிகம் பயன்படுவதும் அதுவே என்பதால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. 2020இல் ஈ கிளைக்குப் பொட்ரில்லஸ் கையே என்ற புதுப்பெயர் கிடைத்தது. கையே என்பதன் முடிவில் வரும் ஏ பெண்பால் உடைமை வடிவம், ஷ்லோசெரியின் ஐ மாதிரி.

பூர்வீகமும் இன்னும் தீரவில்லை. மத்தியதரைக் கடல் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். இந்தப் பேரினத்தின் உறவினர்கள் பசிபிக்கில் அதிகம் இருப்பதால் இதுவும் அங்கிருந்து கப்பலடியில் வந்திருக்கலாம் என்று கார்ல்டன் வாதிட்டார். அது சரியென்றால் ஷ்லோசர் ஃபால்மவுத்தில் வாரியெடுத்ததே ஒரு வந்தேறியை. துறைமுகத்தில் கிடைத்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கூட்டம் முழுவதையும் ஒரே மாதிரிப்பொருள் என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு கூட்டங்கள் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே.

ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் வளரும் இரண்டு கூட்டங்கள் ஒரு குறிப்பிட்ட மரபணுப் பகுதியில் ஒரு பாதியாவது பொதுவாக இருந்தால் இரத்தக்குழாய் சேர்ந்து ஒன்றாகும், இல்லாவிட்டால் விலக்கும். ஒன்றானபின் ஒரே பட்டைக்குள் இரண்டு மரபணுத் தொகுதிகள். அதனால்தான் மாதிரிக்கு எடுக்கும்போது எல்லை தெளிவாகத் தெரியும் தனிக் கூட்டமாகத் தேடுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். போதாததற்கு, வாரத்துக்கு ஒருமுறை பழைய இதழ்கள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, மொட்டுகளிலிருந்து வந்த புது இதழ்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். திங்கட்கிழமை படம் எடுத்த நட்சத்திரத்தை அடுத்த திங்கள் தேடாதீர்கள்.

கேள்வி: தமிழில் என்ன சொல்வது?

அசிடியன் என்றே சொல்லுங்கள், பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படித்தோம். இந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் நட்சத்திர அசிடியன். பவளம் என்று மட்டும் வேண்டாம்.