பதினான்காவது கடிகாரத்துக்கு இபிஎஃப் பணமா?

கேள்வி: வணக்கம் அக்கா. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வயது 31, தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, சம்பளம் 4,200 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வருடமாகக் கைக்கடிகாரம் சேர்க்கிறேன், 13 ஆகிவிட்டது. கடைசி மூன்றும் 11.11, 12.12 மலிவு விற்பனையில் நடுராத்திரி வாங்கியவை. இப்போது எங்கள் புலனம் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு லிமிடெட் எடிஷன் பற்றித்தான் பேச்சு. விலை 2,600 வெள்ளி. ஆறு மாதத்தில் இரண்டு மடங்கு ஆகும் என்கிறார்கள். கையில் காசு இல்லை. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால், எதை வாங்கினாலும் இரண்டு வாரம்தான் சந்தோஷம். அப்புறம் அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன். எப்படி நிறுத்துவது?

பதில்: தம்பி, எடுக்காதீர்கள். கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் சம்பளத்தில் நீங்கள் 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு என்று மாதம் சுமார் 1,008 வெள்ளி இபிஎஃப்புக்குப் போகிறது. 2024 மே மாதத்திலிருந்து அதில் பத்தில் ஒரு பங்குதான் மூன்றாம் கணக்கில் விழுகிறது, அதாவது மாதம் நூறு வெள்ளி. 2,600 வெள்ளி சேர 26 மாதம் ஆகும். கைப்பேசியில் நாலு தட்டுத் தட்டினால் வந்துவிடும் பணம் என்பதால் அது லேசாகத் தெரிகிறது. கார் பழுதானாலும் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனாலும் முதலில் அந்தப் பணத்தைத்தான் தேடுவீர்கள்.

இரண்டு மடங்கு ஆகும் என்ற பேச்சுக்கு வருவோம். 2022 மார்ச் 26 அன்று ஒமேகா, சுவாட்ச் என்ற இரண்டு கடிகார நிறுவனங்களும் சேர்ந்து மூன்சுவாட்ச் என்ற கடிகாரத்தை வெளியிட்டன. பேட்டரியில் ஓடுவது, 11 வகை, விலை 260 அமெரிக்க டாலர். உலகம் முழுக்கக் கடை வாசலில் வரிசை. லண்டனில் கூட்டம் தாங்காமல் விற்பனையையே நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் அன்றைக்கே இணையத்தில் பல மடங்கு விலை கேட்டார்கள். இது லிமிடெட் எடிஷன் இல்லை என்று நிறுவனம் சொல்லியிருந்தது, ஆனால் வரிசையில் நின்றவர்கள் காதில் அது ஏறவில்லை. சொன்னபடியே கடிகாரம் தொடர்ந்து வந்தது, மறுவிற்பனை விலை இறங்கியது. ரோலெக்ஸ் டேட்டோனா, பட்டேக் பிலிப் நாட்டிலஸ் போன்ற பெரிய இடத்துக் கடிகாரங்களும் அதே 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய், அந்த வருடமே சரியத் தொடங்கின. அவற்றுக்கே அந்த நிலை என்றால், 2,600 வெள்ளிக் கடிகாரத்துக்கு யார் உத்தரவாதம் தருவது? உங்கள் குழுவில் இரட்டிப்பாகும் என்று சொல்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாக எதை, எவ்வளவுக்கு, யாரிடம் விற்றார்?

லிமிடெட் எடிஷன் என்றால் எத்தனை என்று எண்ணைக் கேளுங்கள். 2023இல் ஜப்பானின் சைக்கோ நிறுவனத்துடைய சைக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையின் 55 வருட நிறைவுக்கு ஒன்று வந்தது. லிமிடெட்தான், ஆனால் 15,555 கடிகாரங்கள். நல்ல கடிகாரம், குறை சொல்லவில்லை. நடுராத்திரி கண்விழித்துப் பிடிக்க வேண்டிய அளவுக்கு அரிதில்லை. உண்மையிலேயே கொஞ்சமாகச் செய்கிறவர்களும் உண்டு. 2017இல் நம் கோலாலம்பூரில் உருவான மிங் என்ற கடிகார நிறுவனம், 2019இல் ஜெனீவாவின் பெரிய கடிகாரப் பரிசுகளில் ஒன்றை வென்றது. அவர்கள் வெளியிடுவது சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடும். அதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதற்காகப் பிடிக்காத ஒன்றை, தீர்ந்துவிடும் என்ற பயத்தில் வாங்க முடியுமா?

இனி உங்கள் 13க்கு வருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒரு துண்டை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வையுங்கள். பின்பக்கம் கண்ணாடி உள்ளவற்றைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு சுற்றும். சின்ன பிராண்டுகளில் வாங்கியிருந்தால் பலவற்றில் ஒரே எந்திரம் இருக்கும். பெரும்பாலும் சைக்கோ செய்து மற்றவர்களுக்கு விற்கும் என்எச்35. நாளைக்கு 20 வினாடி பின்னாலோ 40 வினாடி முன்னாலோ போகலாம் என்பது அதன் கணக்கு, முழுசாகச் சாவி ஏறினால் 41 மணி நேரம் ஓடும். உழைக்கிற, நம்பகமான எந்திரம். ஆனால் 400 வெள்ளிக் கடிகாரத்திலும் 1,500 வெள்ளிக் கடிகாரத்திலும் அதுவேதான். கூடுதல் ஆயிரத்துக்கு உங்களுக்குக் கிடைத்தது என்ன? முகப்பின் வேலைப்பாடா, கண்ணாடியா, உறையா, இல்லை நிறம் மட்டும்தானா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிப் பாருங்கள்.

தோல் வார்களைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அலமாரிக்குள் கிடக்கும் தோலில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். பேட்டரிக் கடிகாரம் எதுவும் நின்றுபோயிருந்தால் உடனே பேட்டரியை எடுத்துவிடுங்கள், கசிந்தால் எந்திரத்தையே அரித்துவிடும். முதுகில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது. ஆசைப்பட்டு வாங்கிய பொருள், ஒரு நாள்கூட கையில் ஏறவில்லை.

அப்புறம், வீட்டில் தொங்கும் நாட்காட்டியில் தினமும் எதைக் கட்டினீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டு மாதம் போதும். மூன்றோ நாலோதான் திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். அந்த நாலுக்குள் என்ன ஒற்றுமை? அளவா, எடையா, கறுப்பு முகப்பா? அதுதான் உங்கள் ருசி. குழுவில் யாரும் அதை உங்களுக்குச் சொல்லித் தர முடியாது. மற்றதில் பாதியை விற்றுவிடுங்கள். வாங்கிய விலை கிடைக்காது, வலிக்கும். அந்த நஷ்டத்தையும் நாட்காட்டியிலேயே எழுதி வையுங்கள்.

நடுராத்திரி விற்பனைக்கு ஒரே வழிதான்: செயலியில் சேமித்த அட்டை எண்ணை அழியுங்கள், பொருளை வாங்கிவிட்டுப் பணத்தைப் பின்னால் செலுத்தும் வசதியை மூடுங்கள், குழுவை மூன்று மாதம் மௌனமாக்குங்கள். ஏதாவது பிடித்தால் தேதியோடு எழுதி வைத்து முப்பது நாள் விடுங்கள். பிறகும் ஆசை இருந்தால் கடைக்குப் போய்க் கட்டிப் பாருங்கள். படத்தைப் பார்த்து நான் ஒன்றின் மேல் மிகவும் ஆசைப்பட்டிருந்தேன், விட்டம் 40 மில்லிமீட்டர்தான். மிட் வேலியில் ஒரு கடையில் கட்டிப் பார்த்தால் வார் மாட்டும் இரண்டு முனைகளும் என் மணிக்கட்டைத் தாண்டி நின்றன. விட்டத்தைவிட அந்த முனைக்கு முனை நீளம்தான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு, கீழே போய் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் ஆசை அடங்கிவிட்டது.

கேள்வி: காஜாங்கில் ஒரு கடையில் 1970களின் பழைய சைக்கோ என்று 650 வெள்ளிக்கு வாங்கினேன். சாயங்காலம் இன்னொருவர் வந்து எடுத்துக்கொள்வார் என்று அவசரப்படுத்தினார்கள். பழுதுபார்ப்பவரோ முகப்புக்கு மறுபடி சாயம் பூசியிருக்கிறது என்கிறார். முழுக்க ஒரிஜினல் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்த கடைக்காரர், விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பலகையைக் காட்டுகிறார்.

பதில்: அந்தப் பலகைக்குப் பயப்படாதீர்கள் ஐயா. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைக் கடைக்காரர் பலகை எழுதிப் பறிக்க முடியாது. முழுக்க ஒரிஜினல் என்று ரசீதில் எழுதியிருப்பது உங்கள் பக்கம் பெரிய பலம். பழுதுபார்ப்பவரிடம் அவர் பார்த்ததை எழுதி வாங்குங்கள். முகப்பைக் கிட்டத்தில் படம் எடுங்கள். பூசிய முகப்பில் எழுத்துகள் தடித்துக் கோணலாக இருக்கும், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு சரியாகச் சேராது. பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் செய்ய வேண்டும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். இதையே முகநூலில் ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இருக்காது. அதனால் பழைய கடிகாரத்தைக் கடையில் ரசீதோடு வாங்குவதே நல்லது. இன்னொருவர் வருகிறார் என்று அவசரப்படுத்தினால், அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கடிகாரக் காணொளிகளையே பார்க்கிறான், பிறந்தநாளுக்கு விலை உயர்ந்த ஒன்று கேட்கிறான். இந்த ஆசையை வளர விடலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள் அம்மா. எந்திரத்தின் மேல் வரும் ஆசை நல்ல ஆசை. விலையை மட்டும் குறையுங்கள். காசியோ எஃப்-91டபிள்யூ 1989இல் வந்தது, இன்றும் விற்கிறார்கள், சேகரிப்பவர்களும் மதிப்பார்கள். நூறு வெள்ளி முழுசாகத் தேவைப்படாது. கூடவே ஒரு சின்னத் திருப்புளியும் வாங்கிக் கொடுங்கள். பின்மூடியில் நான்கு திருகுகள் இருக்கும், உள்ளே சிஆர்2016 பேட்டரி. சுமார் ஏழு வருடம் வரும். தீரும்போது கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், அவனே மாற்றட்டும்.